60,000 ரூபாய்க்கு கேமிங் பிசி: ஊர்க் கடையில் தந்த கொட்டேஷன் இது, வாங்கலாமா?

நெல்லை21 | 12 ஜூலை 2025

எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை நண்பனின் லேப்டாப்பிலும் பிரவுசிங் சென்டரிலுமாக ஓட்டிவிட்டேன். இப்போது அப்பா 45,000 தருகிறேன் என்று சொல்லிவிட்டார், ட்யூஷன் எடுத்துச் சேர்த்தது 15,000 இருக்கிறது, ஆக மொத்தம் 60,000. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் மொத்தத் திட்டமும் ரத்தாகிவிடும், அப்பாவைத் தெரியும்.

ஊரில் ஒரு கடையில் கேட்டேன். எழுதித் தந்தது இது: ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க், கலர் லைட் கேபினெட், 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ். எல்லாம் சேர்த்து 38,500. மீதிப் பணத்தில் ஒரு கேமிங் நாற்காலி வாங்கலாம் என்று யோசனை. ஆடுவது வாலரண்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5. முடிந்தால் சைபர்பங்க் 2077. வாங்கிவிடலாமா?

பழைய பென்டியம் | 12 ஜூலை

தம்பி, அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிடவில்லையே? ஐ7 என்று எழுதியவர் எத்தனையாவது தலைமுறை என்று எழுதவில்லை, 4 ஜிபி கார்டு என்றவர் கார்டின் பெயரை எழுதவில்லை. நாளைக்குப் போய் நான்கு விஷயம் மட்டும் கேள்: ப்ராசசரின் முழு நம்பர், மதர்போர்டின் பெயர், கார்டின் பெயர், எஸ்எம்பிஎஸ் (கரண்டை மாற்றித் தரும் பவர் சப்ளை) என்ன கம்பெனி. பதிலை இங்கே அப்படியே போடு.

நெல்லை21 | 13 ஜூலை

கேட்டுவிட்டேன் அண்ணா. ஐ7 3770, எச்61 போர்டு, டிடிஆர்3 ராம், ஜிடி 730 கார்டு. எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு வருவதாம், 450 வாட். போர்டு புதுசு, பெட்டி பிரிக்காதது, மூன்று வருடம் வாரண்டி என்கிறார். ஐ7 என்றால் ஐ5, ஐ3 எல்லாவற்றையும் விடப் பெரியதுதானே?

பழைய பென்டியம் | 13 ஜூலை

நினைத்தேன். 3770 வந்தது 2012ல். கம்பெனிகள் கழித்துப் போட்ட ஆபீஸ் மெஷின்களிலிருந்து ப்ராசசரைக் கழற்றி, அதற்கென்றே இப்போது புதிதாகச் செய்து வரும் எச்61 போர்டில் மாட்டி "ஐ7 கேமிங் பிசி" என்று தலையில் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. போர்டு புதுசு என்று அவர் சொன்னது பொய் இல்லை. அதில் உட்கார்ந்திருக்கும் ப்ராசசருக்குப் பதின்மூன்று வயது, அதைத்தான் சொல்லவில்லை.

ஐ7 பெரியதா என்று கேட்டாய். ஒரே தலைமுறைக்குள் பெரியது. 3770க்கு நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). 2022ல் வந்த ஐ3 12100எஃப்புக்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் அதன் ஒவ்வொரு கோரும் 3770இன் கோரைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை செய்யும். இன்னொன்று, 3770 விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலிலேயே கிடையாது, அந்தப் பட்டியல் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கு ஆதரவு இந்த அக்டோபர் 14ஓடு முடிகிறது. ஏதாவது குறுக்கு வழியில் 11ஐ ஏற்றினாலும் வாலரண்ட் அங்கே டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (மெஷின் கிளம்பும்போதே நடக்கும் சரிபார்ப்பு) இரண்டும் கேட்கும், எச்61ல் டிபிஎம் 2.0க்கு எங்கே போவாய்? நீ முதலில் சொன்ன கேமே ஓடாது.

கார்டு கதை இன்னும் மோசம். ஜிடி 730, 2014ல் வீடியோ பார்க்கவும் இரண்டாவது மானிட்டர் மாட்டவும் வந்தது. 384 கோர். 4 ஜிபி என்று போட்டு விற்பதில் பெரும்பாலும் இருப்பது மந்தமான டிடிஆர்3 மெமரி. அண்டா பெரிசு, குழாய் சின்னது. எத்தனை ஜிபி என்பதை மட்டும் பார்த்து யாரும் கார்டு வாங்காதீர்கள்.

சாலிடர் புகை | 13 ஜூலை

நாற்காலியை மற. அம்மா காய் நறுக்க உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி போதும், மேலே ஒரு தலையணை.

வீட்டில் ஏதாவது மானிட்டர் கிடக்கிறதா? இருந்தால் 60,000த்தையும் பெட்டிக்கே போட்டுவிட்டு மானிட்டரைத் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். மானிட்டரும் இதற்குள்ளேதான் என்றால் கார்டில் ஒரு படி இறங்க வேண்டும்.

நெல்லை21 | 13 ஜூலை

அக்கா பழகிய 19 இன்ச் ஒன்று பரணில் இருக்கிறது. நல்லவேளை நேற்றே அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

சாலிடர் புகை | 13 ஜூலை

அப்படியானால் என் கணக்கு இது. விலை எல்லாம் போன வாரம் நான் விசாரித்ததை ஒட்டியது, ஐந்நூறு ஆயிரம் முன்னே பின்னே இருக்கும்.

ரைசன் 5 5600, 10,000. பி550எம் போர்டு 8,500. 8 ஜிபி குச்சி இரண்டு, டிடிஆர்4 3200, 4,000. ஆர்எக்ஸ் 6600 கார்டு 21,000. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,000. 550 வாட் ப்ரான்ஸ் எஸ்எம்பிஎஸ், நல்ல கம்பெனி, 4,000. காற்று போகிற மாதிரி முன்பக்கம் வலை உள்ள கேபினெட் 3,000. மொத்தம் 55,500. மீதியில் யுபிஎஸ். ப்ராசசர் பெட்டியிலேயே கூலர் வந்துவிடும், தனியாக வாங்காதே.

ராம் 16 ஜிபி ஒரே குச்சியாகத் தருகிறேன், பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்று எந்தக் கடையிலும் சொல்வார்கள். கேட்காதே. இரண்டு குச்சி போட்டால் ப்ராசசர் இரண்டு வழியாக மெமரியோடு பேசும், ஒன்றானால் பாதி வழி அடைத்தது போலத்தான். எஸ்எஸ்டியில் 256 என்று கஞ்சத்தனம் பண்ணாதே. சைபர்பங்க் 2.0 அப்டேட்டுக்கு அப்புறம் ஹார்டு டிஸ்க்கில் ஆடுவதற்கு ஆதரவே இல்லை, ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் தின்னும்.

கோவை மில் | 14 ஜூலை

2025ல் போய் 5600 உட்காரும் அந்த ஏஎம்4 சாக்கெட்டா? அது 2016ல் வந்தது. ஏஎம்5 போடுங்கள், 7500எஃப் ப்ராசசர், டிடிஆர்5 ராம். 2027 வரைக்கும் ஏஎம்5க்குப் புது ப்ராசசர் வரும் என்று ரைசன் செய்யும் ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. மூன்று வருடம் கழித்துப் போர்டை மாற்றாமல் ப்ராசசரை மட்டும் மாற்றலாம். ஏஎம்4 வாங்கினால் அன்றைக்கு எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும்.

சாலிடர் புகை | 14 ஜூலை

மறுக்கவில்லை, ஆனால் அந்த மாற்றத்துக்கு எட்டிலிருந்து பத்தாயிரம் கூடும். அதை எங்கிருந்து எடுப்பீர்கள்? கார்டிலிருந்துதான். ஆர்எக்ஸ் 6600 போய் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி வந்து நிற்கும். மூன்று வருடம் கழித்து வரப்போகும் ப்ராசசருக்காக மூன்று வருடமும் மட்டமான கார்டில் ஆடச் சொல்கிறீர்கள்.

பட்ஜெட் 80 ஆயிரத்தைத் தாண்டினால் நானும் கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்5தான் சொல்வேன்.

கோவை மில் | 14 ஜூலை

வாலரண்டும் சிஎஸ்2வும் ப்ராசசரை நம்பி ஓடுபவை, கார்டை இல்லை. தம்பி அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறார். அதையும் யோசித்துப் பாருங்கள்.

பழைய பென்டியம் | 14 ஜூலை

நியாயமான பேச்சுதான். ஆனால் 5600லேயே வாலரண்ட் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குத் தேவையானதைத் தாண்டி ஓடும், தம்பியிடம் இருப்பதோ பரணில் கிடக்கும் 19 இன்ச், அது நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. 400 எஃப்பிஎஸ் வந்தாலும் கண்ணுக்குத் தெரியப்போவது 60தான். ஏஎம்5 சண்டையை நாம் இருவரும் தனியாக வைத்துக்கொள்வோம்.

நெல்லை21 | 14 ஜூலை

ஆர்டிஎக்ஸ் 3050 பற்றிக் கேட்க நினைத்தேன். என்விடியாதான் நல்லது, ஆர்எக்ஸ் மாதிரி ஏஎம்டி கார்டு சூடாகும் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். 3050 விலை குறைவாகவும் இருக்கிறது.

சாலிடர் புகை | 14 ஜூலை

3050 என்ற பெயரில் இரண்டு கார்டு இருக்கிறது, அதுதான் வில்லங்கம். 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி, 2560 கோர், 130 வாட். 2024 பிப்ரவரியில் அதே பெயரில் வந்தது 6 ஜிபி, 2304 கோர், 96 பிட் மெமரி வழி, 70 வாட். 2 ஜிபி மட்டும்தான் குறைச்சல் என்று நினைத்து வாங்குகிறார்கள், உள்ளே எல்லாமே குறைச்சல். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயரே வேண்டாத கார்டு என்பதால் பழைய ஆபீஸ் மெஷினில் சொருக அருமையானது, அந்த ஒரு வேலைக்கு நானே சொல்வேன். உனக்கு வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 அந்த 8 ஜிபி 3050ஐயே கணிசமாக முந்தும், 132 வாட்தான் இழுக்கும். சூடு பற்றிய பேச்சு ரொம்பப் பழைய கார்டுகளை வைத்துப் பரவியது.

அதே சமயம் ஏஎம்டியிலும் குழி உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 4 ஜிபி. போர்டோடு நான்கே லேனில் (வழியில்) பேசும், பிசிஐஇ 3.0 என்ற பழைய, மெதுவான இணைப்பு உள்ள போர்டில் மாட்டினால் தவழும். வீடியோ பதிவு செய்யும் என்கோடரும் கிடையாது. பக்கமே போகாதே.

ஒன்று கேட்கிறேன், படிப்புக்காக மெஷின் லேர்னிங், பிளெண்டர் மாதிரி ஏதாவது செய்வாயா? செய்வாய் என்றால் நண்பன் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, அந்த வேலைகளுக்கு என்விடியாவின் கூடா (CUDA) என்ற மென்பொருள் தளம் இருப்பது வசதி, அப்போது செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி தேட வேண்டும்.

நெல்லை21 | 14 ஜூலை

நான் மெக்கானிக்கல் அண்ணா. காலேஜ் லேபில் ஆட்டோகேட் போதும்.

சேலத்து மாம்பழம் | 15 ஜூலை

செகண்ட் ஹேண்ட் என்றதும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். 2023ல் ஒரு விற்பனைக் குழுவில் விளம்பரம் பார்த்து ஒரு கார்டு வாங்கினேன், "வீட்டில் மட்டும் ஆடியது" என்றார். மூன்றாவது வாரம் திரையெல்லாம் பச்சைப் புள்ளி. போன் சுவிட்ச் ஆஃப். பிரித்துப் பார்த்தால் மெமரி மேலே ஒட்டியிருந்த பேட் எண்ணெய் கக்கிக் காய்ந்து கிடந்தது, ராத்திரி பகல் கிரிப்டோ நாணய மைனிங்கில் வெந்த கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றுபோனதும் அந்தக் கார்டுகள் எல்லாம் குடும்பப் பெண் வேஷம் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தன.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. விற்பவர் வீட்டுக்குப் போய், அவர் மெஷினிலேயே அரை மணி நேரம் கேம் ஓடவிட்டு, ஃபேன் சத்தம் கேட்டு, ஸ்க்ரூ தலை தேய்ந்திருக்கிறதா பார்த்து, ஒரிஜினல் பில்லோடு வாங்குங்கள். இன்னொன்று, ஜிடிஎக்ஸ் 1060, 1070 எல்லாம் இப்போது கொள்ளை மலிவாகக் கிடைக்கும், மயங்காதீர்கள். இண்டியானா ஜோன்ஸ் கேம் ரே ட்ரேசிங் (ஒளியை நிஜம் போலக் கணக்கிடுவது) வன்பொருள் இல்லாத இந்த மாதிரிக் கார்டில் ஓடவே ஓடாது, புது டூமும் அப்படித்தான். இனி வருவதில் இது கூடத்தான் செய்யும்.

வெள்ளவத்தைக்காரன் | 15 ஜூலை

நான் கொழும்பிலிருந்து. அந்த ஐ7 3770 கதை இங்கேயும் அதேதான், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு ரூபாவின் விலை விழுந்த பிறகு புதுக் கார்ட் என்பது கனவு மாதிரி, அதனால் பாவித்ததைத்தான் வாங்குகிறோம். என்னுடைய ஒரு யோசனை: கார்டுக்குக் காசு சேரும் வரைக்கும் 5600ஜி போடலாம், அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, வாலரண்ட் தாராளமாக ஓடும். நான் எட்டு மாதம் அப்படித்தான் சமாளித்தேன்.

சாலிடர் புகை | 15 ஜூலை

காசு இரண்டு தவணையாக வருபவர்களுக்கு அது சரியான வழிதான். ஆனால் 5600ஜியில் கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 16 எம்பி, 5600ல் 32. பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் கார்டு மாட்டிய பிறகு ஜி பின்தங்கும். தம்பி கையில் முழுப் பணமும் இருப்பதால் நேராக 5600க்கே போகலாம்.

ரிச்சி தெரு வாடிக்கை | 15 ஜூலை

வாங்கும் இடம் பற்றி யாரும் பேசவில்லையே. நான் சென்னை, மாதம் ஒரு தடவையாவது ரிச்சி தெருவில் சுற்றுவேன். முதலில் ஆன்லைனில் நான்கைந்து தளத்தில் விலையைக் குறித்துக்கொள், அந்தத் தாளோடு கடைக்குப் போ, வாயால் கேட்காதே, தாளைக் காட்டு. மூன்று கடை ஏறினால் இரண்டில் இறங்கி வருவார்கள். "பில் இல்லாமல் என்றால் ஆயிரம் குறைச்சுக்கலாம் தம்பி" என்று ஒரு குரல் வரும். 18 சதவீத ஜிஎஸ்டியை நினைத்து நாக்கு ஊறும், ஊறட்டும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கு. இரண்டு வருடம் கழித்துக் கார்டு செத்தால் சர்வீஸ் சென்டர்காரன் முதலில் நீட்டச் சொல்வது அந்தத் தாளைத்தான்.

நெல்லையிலிருந்து இதற்காக ரயில் ஏறி வர வேண்டாம். வேறு வேலையாக வந்தால் பார். இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கி, பெட்டி பிரிக்கும்போது கட் பண்ணாமல் வீடியோ எடுத்து வை.

போர்டு வாங்கும்போது 5600ஐ ஏற்கும் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள். பழைய ஸ்டாக் பி450 போர்டில் மாட்டிக்கொண்டு முழித்த ஆள் நான்.

நெல்லை21 | 16 ஜூலை

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 4,000 என்பதுதான் அப்பாவுக்கு உறுத்துகிறது. கேபினெட்டோடு சும்மாவே வருவதை விட்டுவிட்டு எதற்கு என்கிறார். கடைக்காரர் தந்தது 450 வாட், நம் மெஷினுக்கு அதுவே போதுமே?

ஒயர்மேன் மாமா | 16 ஜூலை

நான் கேம் ஆடுவதில்லை, என் மகனுக்காக இந்தப் பக்கம் வந்தவன். கரண்ட் என் தொழில், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஸ்டிக்கரில் 450 என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ப்ராசசரும் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட். அந்த ஓசி எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பத்தோ பதினைந்தோ இருந்தால் 12ஆல் பெருக்குங்கள், 120இலிருந்து 180 வாட். அவ்வளவுதான் அதன் சரக்கு. உங்கள் கார்டு ஒன்றே 132 கேட்கிறது. நல்ல 550ல் 12 வோல்ட்டிலேயே 500க்கு மேல் தருவான். அப்புறம் நம் ஊர் வோல்டேஜ். ராத்திரி ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் மோட்டார், கிரைண்டர், ஏசி ஓடும்போது 180க்கு இறங்குவதை நான் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை எதில் வேண்டுமானாலும் ஓடும், மட்டமானது 200க்குக் கீழே தடுமாறும். அது செத்தால் தனியாகச் சாகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். யானை வாங்குகிறவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பாரா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

80 ப்ளஸ் ப்ரான்ஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான முத்திரை மட்டுமே. அதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது, கம்பெனியையும் மாடலையும் விசாரியுங்கள், ஐந்து வருட வாரண்டி தருகிறவனாகப் பாருங்கள்.

கோவை மில் | 16 ஜூலை

இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. யுபிஎஸ் 600 விஏ போதுமா மாமா?

ஒயர்மேன் மாமா | 16 ஜூலை

600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட். இந்த மெஷின் முழு மூச்சில் ஆடினாலும் மானிட்டரையும் சேர்த்து 300ஐத் தாண்டாது என்று நினைக்கிறேன், ஆனால் தாங்குவது மூன்று நான்கு நிமிடம்தான். சேவ் பண்ணி அணைப்பதற்கு மட்டும். மலிவான யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தருவது படிக்கட்டு மாதிரியான அலை, சில எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஒத்துப்போகாமல் அந்த நொடியிலேயே அணைந்துவிடும். வாங்கும் கடையிலேயே ப்ளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

நெல்லை21 | 9 ஆகஸ்ட் 2025

மாட்டியாச்சு! மொத்தம் 59,300. சாலிடர் புகை அண்ணா பட்டியல் அப்படியே, கேபினெட் மட்டும் வேறு. அப்பாவிடம் அந்த அங்குசம் பேச்சைச் சொன்னேன், சிரித்துவிட்டார், அதோடு எஸ்எம்பிஎஸ் பாஸ்.

ஆனால் முதல் நாள் ஒரு பெரிய கூத்து. எல்லாம் மாட்டி, ஃபேன் சுற்றி, மானிட்டரைக் கொண்டுவந்து வைத்தால் ஒயர் சேரவில்லை. பரணில் இருந்த மானிட்டரில் நீல நிற விஜிஏ மட்டும்தான், கார்டில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான். இத்தனை பேர் இத்தனை பேசினோம், யாருக்கும் இது தோன்றவில்லை! ராத்திரி ஒன்பது மணி, கடையெல்லாம் மூடியாச்சு. ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல் விடிய விடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். காலையில் முதல் வேலையாகக் கன்வெர்ட்டர் வாங்கினேன், படம் வந்தது.

சந்தேகம் இரண்டு. ராம் 3200 என்று வாங்கினேன், விண்டோஸில் 2666 என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா? அடுத்தது, கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறது.

சாலிடர் புகை | 9 ஆகஸ்ட்

விஜிஏ விஷயத்தில் தப்பு என்னுடையது, 19 இன்ச் என்றதும் கேட்டிருக்க வேண்டும். ராம் ஏமாற்று இல்லை. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய், சில போர்டில் டிஓசிபி என்று இருக்கும். செய்யாதவரை எல்லா ராமும் பத்திரமான வேகத்தில்தான் ஓடும். நான்கு சொருகுமிடம் இருந்தால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் குச்சி இருக்கிறதா பார்.

ஒயர்மேன் மாமா | 9 ஆகஸ்ட்

சுருக்கென்பதைச் சாதாரணமாக விடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர் உண்டு, ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. எர்த் சரியாக இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி மேல் 115 வோல்ட் போல நிற்கும், ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்காது, சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆக உங்கள் எஸ்எம்பிஎஸ் பழுது இல்லை, வீட்டில் எர்த் இல்லை. நாளைக்கு வாட்டர் ஹீட்டரில் கசிந்தால் அதே இடத்தில்தான் ஆபத்து. ப்ளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்னை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். ஆளைக் கூப்பிட்டு எர்த் கம்பி இறங்கியிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள்.

நெல்லை21 | 14 ஆகஸ்ட்

எக்ஸ்எம்பி போட்டேன், 3200 வந்துவிட்டது. எர்த் பார்க்க ஆள் வந்தார். மீட்டர் பெட்டிக்குக் கீழே கம்பி துருப்பிடித்து அறுந்தே கிடந்ததாம், எத்தனை வருடமாகவோ. புதுசு போட 2,200. அதை அப்பா தனிக் கணக்கில் கொடுத்துவிட்டார், பிசி பட்ஜெட்டில் சேர்க்கவில்லை.

சைபர்பங்க் ஓடுகிறது. இந்த மானிட்டரில் சின்னதாகத்தான் தெரிகிறது, ஆனால் ஓடுகிறது.

திருச்சி மலைக்கோட்டை | 11 ஜனவரி 2026

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். இதே பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு நேற்றுக் கடைக்குப் போனேன். ராம் விலையைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது. இங்கே 4,000 என்று போட்டிருக்கிறீர்களே?

சாலிடர் புகை | 11 ஜனவரி

அது ஜூலை விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில்தான் லாபம் என்று சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரும் அந்தப் பக்கம் திரும்பியதும் 2025 கடைசியில் ராம் விலை எகிறிவிட்டது. மைக்ரான் டிசம்பரில் க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. டிடிஆர்5 இன்னும் மோசம், கோவை மில் சொன்ன ஏஎம்5 வழியில் இன்றைக்குப் போனால் ராமிலேயே பாதிப் பணம் கரையும்.

ராமை மட்டும் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். கார்டு மாதிரி இல்லை, ராம் எளிதில் தேயாது, ஆபீஸ் மெஷின்களிலிருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 குச்சி இரண்டு கிடைத்தால் 2666 ஆனாலும் பரவாயில்லை. லேப்டாப் ராம் குட்டையாக இருக்கும், அது போர்டில் உட்காராது, பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டு, ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

நெல்லை21 | 12 ஜனவரி

இன்னும் 16 ஜிபி சேர்க்கலாம் என்று போன வாரம் நானும் விலை கேட்டேன், அப்படியே திரும்பி வந்துவிட்டேன். மலைக்கோட்டை அண்ணா, உங்கள் மானிட்டரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா? கடைக்குப் போவதற்கு முன்னால் பின்பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.